நிலத்தடிச் சுரங்கத்தில் பெல்ட் பாதுகாப்பும் தகவல் தொடர்பும்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வரும் தொழில்நுட்பப் பணியாளருக்கு

நெய்வேலியில் திறந்தவெளிச் சுரங்கத்தின் பெல்ட் கன்வேயர்களில் பல ஆண்டுகள் மின்பணி பார்த்த பிறகு, தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக வந்தேன். 1,800 மீட்டர் நீளமுள்ள ஒரு பெல்ட்டுக்கு இழுகயிறு (ஆபத்தில் இழுத்தால் பெல்ட்டை நிறுத்தும் கயிறு), பேச்சுக்கருவி, முன்னெச்சரிக்கை ஒலி, சென்சார்கள் ஆகியவற்றைப் பொருத்தி ஒப்படைக்க ஆறு நாள் போதும் என்று கணக்கிட்டிருந்தோம். இருபத்து மூன்று நாள் ஆனது. கூடுதலான பதினேழு நாளில் கருவிப் பழுதுக்காகப் போனது இரண்டே நாள்தான். மற்றவை, முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய சான்றிதழ்களுக்காகவும், மேலே மேசையில் போட்டிருக்க வேண்டிய கணக்குகளுக்காகவும் போயின. எமலாலேனி, செக்குண்டா, மிடல்பர்க் பக்கம் இதே வேலைக்கு வருகிற தமிழர்கள் சிலர் அடிக்கடி என்னிடம் விவரம் கேட்கிறார்கள் என்பதால், நான் பட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கீழே இறங்கும் முன் உங்கள் தாள்களை முடியுங்கள்

இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை, 1996ஆம் ஆண்டின் 29ஆம் எண் சட்டமான சுரங்க நலவாழ்வு மற்றும் பாதுகாப்புச் சட்டம். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்றாலும் அந்தச் சட்டம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். சுரங்க வாசலில் உங்களிடம் முதலில் கேட்கப்படுவது ‘சேஃப்டி ஃபைல்’ என்று எல்லோரும் சொல்லும் கோப்பு. மருத்துவத் தகுதிச் சான்று, தொழில் தகுதிச் சான்று, இடர் மதிப்பீடு, எழுத்துமூலமான பணி நியமனக் கடிதம், உங்கள் நிறுவனம் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் பாக்கி இல்லாமல் இருக்கிறது என்ற கடிதம் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றின் தேதி காலாவதியாகியிருந்தாலும் கோப்பு திரும்பி வரும். திரும்பி வந்த கோப்பு மீண்டும் வரிசையின் கடைசியில்தான் சேரும். எங்கள் கோப்பு இரண்டு முறை திரும்பியது, இரண்டு முறையும் காப்பீட்டுக் கடிதத்தின் தேதியால்.

இந்தியாவில் பெற்ற ஐடிஐ, டிப்ளமோ சான்றுகளை இங்கே காட்டினால் மட்டும் போதாது. அவற்றைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்வாவில் மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். எலக்ட்ரீஷியன் போன்ற கைத்தொழில் நிலையில் வேலை செய்பவர் இந்நாட்டின் டிரேட் டெஸ்ட்டையும் முடிக்க வேண்டியிருக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மதிப்பெண் பட்டியல்களின் சான்றளித்த நகல்களையும், தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் எடுத்து வையுங்கள். இங்கே வந்த பிறகு ஊரில் ஒருவரை அலுவலகம் அலுவலகமாக அனுப்பி வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

செலவைப் பற்றி ஒன்றை மனத்தில் வையுங்கள். அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, முதலாளி சட்டப்படி வழங்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கோ ஏற்பாட்டுக்கோ தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. பூட்ஸ், ஹெல்மெட், சுயமீட்பு மூச்சுக்கருவி எதற்கும் உங்களிடம் பணம் கேட்கப்பட்டால், கொடுப்பதற்கு முன் இந்தப் பிரிவைச் சுட்டிக் கேளுங்கள். விசா, சாக்வா ஆகியவற்றின் கட்டணத்தை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்; வாய்வார்த்தையை நம்பி நான் என் கைப்பணத்தை இழந்தேன்.

காலக்கணக்கில் டிசம்பரை விட்டுவிடாதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை இந்நாட்டில் பெரும்பாலான அலுவலகங்களும் பட்டறைகளும் மூடிக் கிடக்கும். நவம்பரில் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பிப்ரவரியில் பதில் வந்தால் வியப்பதற்கில்லை.

2. கருவிகளின் சான்றிதழ்களைக் கொள்முதலுக்கு முன் பாருங்கள்

நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் இருக்கும். காற்றில் அது ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு சிறு தீப்பொறி போதும். ஆகவே இங்கே பெல்ட் வழியே ஓடும் பேச்சுக்கருவியும் இழுகயிற்று ஸ்விட்ச்சும் ‘இன்ட்ரின்சிக்லி சேஃப்’ வகையைச் சேர்ந்தவை. சுற்றில் ஓடும் ஆற்றலையே, வயர் அறுந்தாலும் குறுக்கே ஒட்டினாலும் வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் கட்டுப்படுத்தி வைப்பதுதான் இதன் வழி. திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து வருபவர்களுக்கு இது முற்றிலும் புதிய சிந்தனை. நமக்குப் பழக்கமானது வலுவான பெட்டியும் தண்ணீர் புகாத மூடியும். இங்கே பாதுகாப்பு பெட்டியில் இல்லை, மின்சுற்றின் கணக்கில் இருக்கிறது.

பலரும் விழும் குழி ஒன்று உண்டு. கருவியோடு ஏடெக்ஸ் அல்லது ஐஇசிஎக்ஸ் சான்றிதழ், அதாவது வெடிக்கும் வாயு உள்ள இடங்களுக்கான ஐரோப்பிய அல்லது சர்வதேசச் சான்று, வந்திருக்கும். அதுவே போதும் என்று நினைத்துவிடுவோம். தென்னாப்பிரிக்காவில் அதற்கு மேல், அங்கீகாரம் பெற்ற உள்நாட்டுச் சோதனைக் கூடம் வழங்கும் ‘ஐஏ சான்றிதழ்’ வேண்டும். அந்தச் சான்றிதழில் உள்ள மாடல் எண் கருவியின் பெயர்த்தகட்டில் உள்ள எண்ணோடு ஒரு எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். செல்லுபடித் தேதியும் கடந்திருக்கக் கூடாது. எங்கள் ஜங்ஷன் பெட்டிகளில் பன்னிரண்டின் தகட்டில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும் வேறாக இருந்தது. பெட்டி அதேதான், உள்ளே கனெக்டர் வரிசையும் அதேதான். ஆனாலும் திருத்திய சான்றிதழ் வரும்வரை ஒன்பது நாள் அவை ஸ்டோரிலேயே கிடந்தன. பொறுப்புப் பொறியாளர் மறுத்தது சரியே என்று இப்போது நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனென்றால் உள்ளே மாற்றம் இல்லை என்பதை வெளியிலிருந்து அறிய அவருக்கு இருந்த ஒரே வழி அந்தத் தகடுதான்.

கொள்முதல் ஆணையிலேயே ஐஏ சான்றிதழின் நகலையும், குரூப் ஒன்று, அதாவது மீத்தேன் உள்ள சுரங்கம் என்ற வகைப்பாட்டையும் எழுதிக் கேளுங்கள். இறக்குமதி ஆகும் கருவியானால், எனக்கு எட்டு வாரம் ஆனது போல, உங்களுக்கும் ஆகலாம். வரிக்கோடி யூனிட்டில், அதாவது கேபிளின் கடைசி முனையில் பொருத்தும் கருவியில், ஒரு உபரியையும் அப்போதே சேர்த்து ஆர்டர் செய்யுங்கள்.

3. கேபிள் கணக்கை மேலே உட்கார்ந்து போடுங்கள்

மின்வழங்கியின் சான்றிதழில் அது அதிகபட்சமாகத் தரக்கூடிய வோல்டேஜ், கரண்ட், பவர் ஆகியவையும், அதனோடு இணைக்க அனுமதிக்கப்பட்ட கெபாசிட்டன்ஸ், இன்டக்டன்ஸ் ஆகியவையும் இருக்கும். வரியில், அதாவது அந்தக் கேபிள் தொடரில், உள்ள ஒவ்வொரு கருவியும் தாங்கும் அளவு முதல் மூன்றுக்கும் குறையாமல் இருக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் உள்கெபாசிட்டன்ஸையும் கேபிளின் கெபாசிட்டன்ஸையும் கூட்டினால் அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது, இன்டக்டன்ஸுக்கும் அப்படியே. கேபிளின் விவரம் கிடைக்காதபோது மீட்டருக்கு 200 பிகோஃபேரட், 1 மைக்ரோஹென்றி என்று எடுத்துக்கொள்ளச் சர்வதேசத் தரம் அனுமதிக்கிறது. 1,800 மீட்டருக்கு அது 0.36 மைக்ரோஃபேரட், 1.8 மில்லிஹென்றி. கருவிகளின் உள்அளவுகள் இரண்டுமே அனுமதித்ததில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால், அனுமதித்த அளவைப் பாதியாக்கிக் கணக்கிட வேண்டும் என்ற விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வோல்டேஜ் இறக்கம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12.1 ஓம். போய்த் திரும்பும் 3.6 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 43.6 ஓம். பேச்சுக்கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது 200 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்றும், அந்தச் சுமை முழுவதும் கடைசியில் இருக்கிறது என்றும் வைத்தால், 12 வோல்ட்டில் 8.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். சுமை வழியெங்கும் பரவியிருந்தால் இழப்பு பாதியாகும், அப்போதும் கடைசிக் கருவிக்கு எட்டு வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். எங்கள் பெல்ட்டின் உள்முனையான டெயில் பகுதியில் பேச்சுக்கருவி ‘கரகர’ என்று மட்டும் சத்தம் போட்டதற்கு இதுதான் காரணம்; நானோ இரண்டு நாள் ஸ்பீக்கரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

இதற்குத் தீர்வாக நடுவில் இன்னொரு மின்வழங்கியை அதே கம்பியில் இணையாகக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கொடுக்கவே கூடாது. இரண்டு வழங்கிகளின் ஆற்றல் கூடிவிட்டால் சுற்றின் பாதுகாப்பே போய்விடும். வரியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வழங்கி வைத்து, பேச்சும் நிறுத்தச் சைகையும் மட்டும் கடந்து போகும்படி சான்றளிக்கப்பட்ட சிக்னல் ஐசொலேட்டர் (நேரடி மின்தொடர்பு இல்லாமல் சைகையைக் கடத்தும் கருவி) வழியாக இணைக்க வேண்டும். அந்த இணைப்பு முழுவதற்கும் சிஸ்டம் சான்று அல்லது விளக்க ஆவணம் தனியாக வேண்டும் என்பதால், இந்த முடிவை கேபிள் வாங்கும் முன்பே எடுங்கள்.

4. இழுகயிறு

சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 8ஆம் அத்தியாயம் இயந்திரங்களுக்கானது, அதில் 8.9 பெல்ட் கன்வேயருக்கானது. பெல்ட்டை யாராவது அணுகக்கூடிய எந்த இடத்திலிருந்தும் அதை நிறுத்த முடிய வேண்டும் என்பது அதன் சாரம். ‘அணுகக்கூடிய எந்த இடம்’ என்ற சொல்லை நடந்து பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். வரைபடத்தில் ஒரு பக்கம்தான் நடைபாதை இருக்கும்; ஆனால் சிந்திய நிலக்கரியை அள்ளுகிறவர் மறுபக்கத்திலும் நிற்பார், பெல்ட்டைக் கடக்கும் பாலத்தின் அடியிலும் குனிவார். அங்கெல்லாம் கயிறு கைக்கு எட்ட வேண்டும்.

கயிற்றின் நடுவில் குறுக்காக இழுத்தால் 200 நியூட்டனுக்குக் குறைவான விசையிலும் 400 மில்லிமீட்டருக்குக் குறைவான விலகலிலும் ஸ்விட்ச் விழ வேண்டும், அதாவது பெல்ட்டை நிறுத்த வேண்டும். இதைச் சோதிக்கும்போது ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் நின்று இழுப்பது எல்லோரும் செய்யும் தவறு. அங்கே எப்போதும் வேலை செய்யும். இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவில், கயிறு தொய்ந்திருக்கும் இடத்தில், ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி இழுங்கள். கயிறு அறுந்தாலும் நிறுத்தம் விழ வேண்டும். ஒரு முனையைக் கழற்றி அதையும் பாருங்கள். விழுந்த ஸ்விட்ச் இழுத்த இடத்திலேயே கையால் மீட்டால்தான் மீள வேண்டும். மேலே கட்டுப்பாட்டு அறையில் ஒரு பொத்தானை அழுத்தி மீட்க முடிகிறது என்றால் அந்த அமைப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கயிறு எதைச் செய்யாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் பெல்ட் நிற்க 12 விநாடி எடுத்தால், அதற்குள் ஏறத்தாழ 18 மீட்டர் ஓடியிருக்கும். ரோலருக்கும் பெல்ட்டுக்கும் இடையே ஒரு கை சிக்கிவிட்டால் அதைக் கயிறு காப்பாற்றாது. இரும்பு வலைக் காப்பு மட்டுமே காப்பாற்றும். அதேபோல, கயிற்றை இழுத்துவிட்டுப் பெல்ட்டின் மேல் வேலை செய்யக் கூடவே கூடாது. கயிறு கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் வெட்டுகிறது, மின்சாரத்தை அல்ல. மின்சாரத்தையே துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச்சைத் திறந்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்து, ஸ்டார்ட் கொடுத்துப் பெல்ட் கிளம்பவில்லை என்று பார்த்த பிறகே கை வைக்கலாம். சாய்வான பெல்ட் என்றால், சுமையின் எடையாலும் இழுவிசையாலும் அது தானாக நகராதபடி பிரேக்கும் தடையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எங்கள் ஃபோர்மேன் டர்பனில் பிறந்த தமிழர், பெல்ட் அருகே என்னைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், வணக்கத்துக்கு முன்பே, “தம்பி, பூட்டு எங்கே?” என்றுதான் கேட்பார். ஒருநாளும் அந்தக் கேள்வியை அவர் தவறவிட்டதில்லை.

5. முன்னெச்சரிக்கை ஒலியும் பேச்சும்

பெல்ட் கிளம்பும் முன் அதை அணுகக்கூடிய இடத்தில் இருக்கும் அனைவருக்கும், விலகிக்கொள்ளப் போதுமான நேரம் எச்சரிக்கை கேட்க வேண்டும். இதைப் பெல்ட் நின்றிருக்கும் அமைதியில் சோதித்துக் கையெழுத்திடுவது பெரிய பிழை. பக்கத்துப் பெல்ட் ஓட, காற்றுவிசிறி சுழல, காதடைப்பான் போட்டுக்கொண்டு நடங்கள். நான் அப்படி நடந்தபோது, ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்கு நிலக்கரி விழும் டிரான்ஸ்ஃபர் பாயின்ட் அருகே மண்வெட்டியோடு நின்ற மொசாம்பிக்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் சைகையால் ‘கேட்கிறதா?’ என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, உள்ளங்கையை இரும்புச் சட்டத்தின் மேல் வைத்துக் காட்டினார். சட்டம் அதிர்ந்தால்தான் பெல்ட் கிளம்பியதே அவருக்குத் தெரியும். மறுநாளே அந்த இடத்தில் ஒலிப்பானை இரட்டிப்பாக்கி, சுழல் விளக்கு ஒன்றையும் சேர்த்தோம். அவர் பல மாதங்களாக அப்படித்தான் வேலை செய்திருக்கிறார் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

பேச்சுக்கருவி கம்பி வழியே பெல்ட் நெடுகப் பேசப் பயன்படும். வண்டியிலும் நடையிலும் இருப்பவர்களுக்குப் பல சுரங்கங்களில் ‘லீக்கி ஃபீடர்’ இருக்கும். ரேடியோ அலையை வழியெங்கும் கசியவிடும் கேபிள் அது. அறுந்தால் அறுந்த இடத்துக்கு அப்பால் பேச்சு போய்விடும் என்பதால், இரண்டையும் ஒரே கேபிள் தாங்கியில், ஒரே பாறை விழுந்தால் இரண்டும் போகும்படி, கொண்டுசெல்லாதீர்கள். அடைக்கல அறைக்குள் தனித் தொடர்பு இருக்கிறதா, அது பெல்ட் மின்சாரம் போன பிறகும் வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

மொழி ஒரு பாதுகாப்புக் கருவி. கீழே ஃபனகாலோ (சுரங்கங்களில் பேசப்படும் கலப்பு மொழி), ஜூலு, சோத்தோ, ஆப்பிரிகான்ஸ் எல்லாம் ஒலிக்கும். யாரும் ஆங்கிலத்தில் கத்த மாட்டார்கள். ‘யிமா’ என்றால் நில், ‘சுக்கா’ என்றால் விலகு, ‘இங்கோசி’ என்றால் ஆபத்து. இந்த மூன்றையும் முதல்நாளே மனப்பாடம் செய்யுங்கள்.

6. சென்சார்கள்

பெல்ட் வழுக்கல், பக்கவாட்டு விலகல், கிழிசல், சூட் (நிலக்கரி விழும் சரிவுக்குழாய்) அடைப்பு, தாங்கி வெப்பம், தீ மற்றும் கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றுக்குச் சென்சார்கள் வரும். எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. வழுக்கலை மட்டும் சொல்கிறேன். டிரம் சுழல, பெல்ட் நின்றிருந்தால் உராய்வில் தீப்பிடிக்கும். 2018 ஜூலையில் லிம்போபோ மாகாணத்தின் பலபோர்வாவில் நிலத்தடிச் செப்புச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். பெல்ட் தீயின் புகை காற்றோட்டத்தோடு சேர்ந்து ஆட்கள் இருக்கும் பக்கம் எவ்வளவு விரைவாக வரும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் வேலை செய்த இடங்களில் பெல்ட் வேகம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தும்படி வைத்தோம். கிளம்பும்போது வேகம் ஏறும்வரை சென்சார் கண்டுகொள்ளாமல் இருக்க ஒரு டைமர் உண்டு. சுமையோடு கிளம்பச் சிரமப்படும் பெல்ட்டில் அந்த டைமரைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போவார்கள். நீங்கள் பொறுப்பேற்கும் நாளில் முதலில் அந்த எண்ணைப் பார்த்து எழுதி வையுங்கள்.

வரிசையாக உள்ள பெல்ட்களில் வெளிப்பக்கத்து பெல்ட் முதலில் கிளம்ப வேண்டும். அது நின்றால் உள்பக்கத்தவை எல்லாம் நிற்க வேண்டும். இதை மென்பொருளில் மட்டும் பார்த்து நிறைவடையாமல், வெளிப்பெல்ட்டை நிறுத்தி நேரில் பாருங்கள்.

7. சோதித்து ஒப்படைத்தல்

எந்தப் பெட்டியைத் திறக்கும் முன்பும் மீத்தேன் அளவு பார்க்க வேண்டும். 1.4 சதவீதத்தை எட்டினால் மின்சாரத்தை நிறுத்தி ஆட்கள் வெளியேற வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. சுரங்க நலவாழ்வு மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாகத் தோன்றினால் எந்தத் தொழிலாளியும் இடத்தை விட்டு வெளியேறலாம். புதியவர் என்பதால் தயங்காதீர்கள்; அந்த உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு.

நிறுத்தச் சுற்று ஆற்றல் போனால் நிறுத்தும் வகையாக இருக்க வேண்டும். வரியின் கடைசியில் உள்ள வரிக்கோடி யூனிட் ஒரு குறியீட்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வராவிட்டால் பெல்ட் நிற்கும். ஆகவே கம்பியைத் திறந்தும், குறுக்கே இணைத்தும், ஒவ்வொரு கம்பியையும் நிலத்தோடு தொடுத்தும் சோதித்து, மூன்றிலும் முடிவை எழுதுங்கள்.

50 மீட்டருக்கு ஒன்று என்றால் 1,800 மீட்டருக்கு 37 ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் இழுத்து, மீட்டு, எண்ணைச் சரிபார்க்க ஏழு நிமிடம் வைத்தால் நாலேகால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இறங்கி ஏறும் நேரத்தைக் கழித்தால் ஒரு ஷிஃப்ட் முழுவதும் இதற்கே போகும். மோட்டாரை மணிக்கு இத்தனை முறைதான் கிளப்பலாம் என்ற வரம்பு இருப்பதால், எல்லாவற்றையும் ஓடும் பெல்ட்டில் சோதிக்க முடியாது. மோட்டார் உள்ள டிரைவ் முனை, நடு, டெயில், சாய்வு மாறும் இடம் ஆகியவற்றில் பெல்ட்டை ஓடவிட்டும், மற்றவற்றைத் தயார்நிலையில் வைத்தும் சோதிக்கும் முறைக்குப் பொறியாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நேரமில்லை என்று சிலவற்றை மட்டும் இழுத்துவிட்டு மற்றவற்றுக்கும் டிக் போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். எங்கள் வரியில் 29ஆம் ஸ்விட்ச் இழுத்தால் மேலே திரையில் 30 என்று காட்டியது. எல்லாவற்றையும் இழுத்ததால்தான் அது தெரிந்தது. சிக்கிக்கொண்டவரைத் தேடிப் போகும் குழு 50 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

சோதனைக்காகப் போட்ட தற்காலிக பிரிட்ஜ் கம்பிகளுக்கு (பாதுகாப்பு ஸ்விட்ச்சைத் தாண்டிச் சுற்றை இணைப்பவை) ஒரு தனித்தாள் வையுங்கள். போட்டவர், நேரம், எடுத்தவர், நேரம் என நான்கு கட்டங்கள் போதும். அந்தத் தாளில் எடுக்கப்படாத வரி ஒன்றுகூட இருந்தால் ஒப்படைப்பில் கையெழுத்திடாதீர்கள்.

ஒப்படைப்புக் கோப்பில் ஐஏ சான்றிதழ்கள், கேபிள் கணக்கு, கட்டிய பின்னான வரைபடம், ஒவ்வொரு ஸ்விட்ச்சின் விசை அளவு, ஒலிச் சோதனை நடந்த நிலை, டைமர் எண்கள், மென்பொருளின் நகல் ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு படிகள் எடுத்து ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

8. பெல்ட் நீளும் ஒவ்வொரு முறையும்

வெட்டுமுகம் முன்னேற முன்னேற டெயில் பகுதி உள்ளே நகரும். அப்போது வரிக்கோடி யூனிட்டைக் கழற்றி, புதிய கேபிளும் ஸ்விட்ச்களும் சேர்த்து, புதிய முனையில் மீண்டும் பொருத்துவார்கள். பெரும்பாலும் வார இறுதி ஷிஃப்ட்டில் அவசரமாக நடக்கும் வேலை இது. யூனிட்டை பழைய இடத்திலேயே விட்டுவிட்டு அதற்கு அப்பால் கேபிளை இழுத்தால், மேலே எல்லாம் பச்சையாகத் தெரியும். ஆனால் புதிய 100 மீட்டரில் அறுந்த கம்பியை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நீட்டிப்பு முடிந்ததும் கடைசி ஸ்விட்ச்சை இழுங்கள், யூனிட்டைக் கழற்றிப் பெல்ட் நிற்கிறதா என்று பாருங்கள், சுவரில் பெயின்ட்டால் எழுதிய எண்ணும் திரையின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், கேபிள் கணக்கில் புதிய நீளத்தைச் சேர்த்துத் திருத்துங்கள். நான்கும் முடிந்த பிறகு, தேதியும் ஷிஃப்ட்டும் எழுதிக் கையெழுத்திட்டு அந்தப் பக்கத்தைக் கோப்பில் சேருங்கள்.